பாவாடையைத் தடை செஞ்சவனே பாவாடை கட்டிவிட்ட கதை

ஸ்காட்லாந்து சோல்ஜர்னு சொன்னதும் நமக்கு ஞாபகம் வர்றது கட்டம் போட்ட பாவாடையும், கையில ஒரு பேக்பைப்பும்தான். அந்தப் பாவாடைக்குப் பேரு கில்ட். அதுக்குப் பின்னாடி இருக்கிற அரசியல் கொஞ்சம் கசப்பானது. பிளாக் வாட்ச் ரெஜிமென்ட்டை வச்சு அதைப் பேசலாம்.

1715ல ஹைலேண்ட்ஸ் மலைக்காரங்க லண்டனுக்கு எதிரா கிளர்ச்சி பண்ணினாங்க. அதுக்கப்புறம் 1725ல ஜெனரல் வேட் ஆறு தனிக் கம்பெனிகளை அமைச்சார். ஆளுங்க எல்லாம் கேம்ப்பெல், கிராண்ட், ஃபிரேசர், மன்ரோ மாதிரி அரசாங்கத்துக்கு ஆதரவான குலங்கள். வேலை? சொந்த மலைக்காரங்களையே கண்காணிக்கிறது! உடுப்போட கருநிறத்தால "கருப்புக் காவல்"னு பேர் வந்துச்சுன்னு பொதுவா சொல்றாங்க.

1739ல இவங்களை முழு ரெஜிமென்ட்டா மாத்தினாங்க. ஊர்க்காவலுக்குத்தான் சேர்ந்தோம்னு நம்பினவங்களை 1743ல லண்டனுக்கு நடத்திக் கூட்டிட்டுப் போனாங்க. ராஜா பார்வையிடப் போறார்னு பேச்சு. போய்ப் பார்த்தா ராஜா ஊர்லயே இல்லை. மேற்கிந்தியத் தீவுகளுக்கு அனுப்பப் போறாங்கன்னு வதந்தி கிளம்பிச்சு. அங்க போனா காய்ச்சலே ஆளை முடிச்சிடும்னு அந்தக் காலத்துல எல்லாருக்கும் தெரியும். நூறு பேருக்கு மேல ராத்திரியோட ராத்திரியா ஊரைப் பார்த்து நடையைக் கட்டிட்டாங்க. வழியில வளைச்சுப் பிடிச்சு, மூணு பேரை லண்டன் டவர்ல சுட்டுக் கொன்னாங்க. சாமுவேல் மக்ஃபெர்சன், மால்கம் மக்ஃபெர்சன், ஃபார்கர் ஷா. மத்தவங்களை வேற வேற படைகளுக்குப் பிரிச்சு அனுப்பிட்டாங்க, அதுல மேற்கிந்தியத் தீவுகளும் உண்டு!

அடுத்தது இன்னும் வேடிக்கை. 1745ல மறுபடி கிளர்ச்சி. அதை அடக்கினதும் 1746ல சட்டம் போட்டு, ஹைலேண்ட்ஸ் ஆம்பளைங்க கில்ட் கட்டக்கூடாதுன்னுட்டாங்க. விதிவிலக்கு யாருக்குத் தெரியுமா? ராஜாவோட பட்டாளத்துல இருக்கிறவங்களுக்கு! 1782 வரைக்கும் இந்தத் தடை இருந்துச்சு. தாத்தா கட்டின துணியைக் கட்டணுமா, வா, வந்து எங்களுக்காகச் சாவு. 1758ல அமெரிக்காவுல டைகாண்டரோகா கோட்டைக்கு முன்னாடி ஒரே நாள்ல ரெஜிமென்ட்ல பாதிக்கு மேல செத்தும் காயப்பட்டும் விழுந்தாங்க.

நம்ம பக்கத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1780ல உருவான இதன் இரண்டாம் பட்டாலியன் இந்தியாவுக்கு வந்து, 1786ல 73-ஆம் ரெஜிமென்ட்னு தனியாப் பிரிஞ்சது. 1799ல ஸ்ரீரங்கப்பட்டினத்துல திப்புவுக்கு எதிரா நின்னதுல இவங்களும் உண்டு. 1809ல ஒரே உத்தரவு, இவங்க கில்ட்டைக் கழட்டிட்டாங்க. மலைக்காரங்க போதுமான அளவு சேரலை, மத்தவங்களை இழுக்கக் கில்ட் இடைஞ்சலாம்! 1815ல கண்டியைப் பிடிச்சப்போ போனது அப்படிக் கில்ட் இழந்த 73தான். கண்டியோட கடைசி ராஜா நம்ம வேலூர்க் கோட்டையிலதான் கைதியா இருந்து செத்தார்.

1881ல 42-ஐயும் 73-ஐயும் ஒண்ணாக் கட்டி மறுபடி பிளாக் வாட்ச் ஆக்கினாங்க. பிரிட்டிஷ் காலாட்படையில ரெஜிமென்ட்ங்கிறது ஒரு குடும்பப் பேர் மாதிரி. களத்துக்குப் போறது பட்டாலியன்தான். அந்தக் காலத்துல ஒண்ணு உள்ளூர்ல, ஒண்ணு வெளிநாட்டுல, ஆள் எடுக்கிறதுக்குன்னு சொந்த மாவட்டம்னு இருந்துச்சு. அதனால அப்பன், மகன், பேரன்னு ஒரே படையில சேர்ந்தாங்க. பாசம் எங்கிருந்து வருதுன்னு புரியுதா?

2004ல பிளாக் வாட்ச் ஈராக்ல ஆளைப் பலி கொடுத்துக்கிட்டிருந்த நேரத்துலயே அதைக் கலைக்கிற பேச்சு ஓடுச்சு. டிசம்பர்ல அறிவிப்பு. 2006ல ஸ்காட்லாந்தோட லைன் காலாட்படை ரெஜிமென்ட்கள் எல்லாம் ஒரே ராயல் ரெஜிமென்ட் ஆஃப் ஸ்காட்லாந்து ஆச்சு. பிளாக் வாட்ச் அதுல மூணாவது பட்டாலியன். தொப்பியில சிவப்பு இறகுக் குஞ்சம் மட்டும் மிச்சம். ஊர்ல ஒரே எதிர்ப்பு.

"அதான் பேர் இருக்கே, குஞ்சம் இருக்கே"ன்னு சிலர் சொல்லலாம். அந்தக் குடும்பங்களோட வருத்தம் நியாயமானதுதான், அதைக் கிண்டல் பண்ண எனக்கு மனசு வரலை. ஆனா என் கருத்து இதுதான்: அந்த அடையாளத்தோட சாவி ஒருநாளும் அவங்க கையில இல்லை. 1746ல கொடுத்ததும் அரசாங்கம், 1809ல பிடுங்கினதும் அரசாங்கம், 2006ல கரைச்சதும் அரசாங்கம்.

தன் பண்பாட்டை அடுத்தவன் கொடுத்த யூனிபார்முக்குள்ள பத்திரப்படுத்தினா, அவன் யூனிபார்மை மாத்தும்போது அதுவும் சேர்ந்து போயிடும். அந்த மூணு பேர் மேல எனக்குத் தனி மரியாதை அதனாலதான். உடுப்பை விட, கொடுத்த வாக்கு பெருசுன்னு நம்பி ஊருக்குத் திரும்பி நடந்தாங்களே!

நீங்க என்ன நினைக்கிறீங்க மக்களே?