கோடை இசையும் முன்னோடிப் பட்டமும்

கோடையில் கேட்பதற்கு ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்கிற நண்பர்களுக்கு நான் சொல்லும் முதல் பெயர் சரண்ஜித் சிங். இரண்டு விதமான பதில்கள் வருகின்றன. 'என்ன, டிஸ்கோவா?' என்பது ஒன்று. 'ஓ, ஆசிட் ஹவுஸின் முன்னோடி ஆயிற்றே' என்பது மற்றது. முதல் பதிலைச் சொல்கிறவர் அந்தத் தட்டைக் கேட்டதில்லை. இரண்டாவதைச் சொல்கிறவரும் கேட்டதில்லை என்பதே என் கட்சி.

பரிச்சயமில்லாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சரண்ஜித் சிங் பம்பாய் சினிமா வாத்தியக் கோஷ்டிகளில் கிதாரும் கீபோர்டும் வாசித்துப் பிழைத்தவர். 1982-ல் கிராமபோன் கம்பெனி அவருடைய 'சிந்தசைசிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்' என்ற தட்டை வெளியிட்டது. பைரவில் தொடங்கி பைராகியில் முடியும் பத்து ஹிந்துஸ்தானி ராகங்கள். ஒவ்வொன்றும் ஐந்து நிமிஷம் போல. வாசித்தவை ரோலண்ட் கம்பெனியின் மூன்று யந்திரங்கள்: ஜூபிடர்-8 சிந்தசைசர், டிஆர்-808 தாள யந்திரம், டிபி-303 பேஸ் யந்திரம். தட்டு விற்கவில்லை. 2010-ல் எடோ பௌமன் என்ற டச்சுக்காரர் அதை மறுபடி வெளியிட்டார். உடனே மேல்நாட்டுப் பத்திரிகைகளுக்கு ஞானோதயம். 1987-ல் சிகாகோவில் ஃபியூச்சர் என்ற குழு 'ஆசிட் டிராக்ஸ்' தட்டில் அதே 303-ஐ வைத்து எழுப்பிய ஒலியை இந்தச் சர்தார்ஜி ஐந்து வருஷம் முன்னதாகவே எழுப்பிவிட்டாராம். 2015-ல் அவர் இறந்தபோது எழுதப்பட்ட அஞ்சலிக் குறிப்புகளிலும் இதுவே பிரதானம்.

இதைப் புகழ்ச்சி என்று எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. தன்னைக் கேட்டேயிராத, தான் கேட்டேயிராத சிலர் வேறொரு கண்டத்தில் பிற்பாடு செய்ததை வைத்து ஒருவனுடைய காரியத்துக்கு விலை போடுகிறார்கள். சிகாகோ இல்லாவிட்டால் இவனுக்கு விலையே இல்லை என்றல்லவா ஆகிறது? நம் இலக்கிய விமர்சனத்தின் தொத்துவியாதியும் இதுதான். ஒரு கதையைப் படித்த மாத்திரத்தில் இதில் காஃப்கா தெரிகிறார் என்கிறோம். கதைக்காரன் காஃப்காவைப் படித்ததில்லை என்று தெரிந்தால் குதூகலம் இன்னும் அதிகம். அவன் என்ன எழுதினான் என்ற கேள்வி மட்டும் எழுவதில்லை.

சரண்ஜித் சிங் என்ன செய்தார்? 303 என்பது தனியாகக் கிதார் வாசிப்பவனுக்குத் துணையாக, ஆள் இல்லாத குறைக்கு ஒரு பேஸ் கிதாராக, தயாரிக்கப்பட்ட சின்னப் பெட்டி. பேஸ் கிதார் மாதிரி அது ஒலிக்கவே இல்லை. 1984-லேயே தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். ஆனால் அதில் ஒரு வசதி உண்டு. ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்த ஸ்வரத்துக்கு வெட்டாமல் வழுக்கிக்கொண்டு போகச் செய்யலாம். குறிப்பிட்ட ஸ்வரத்துக்கு மட்டும் அழுத்தம் கொடுக்கலாம். ஹிந்துஸ்தானியில் மீண்ட் என்பதைக் கேட்டுப் பழகிய காதுக்கு இந்த வழுக்கல் என்னவாகத் தோன்றியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். யந்திரத்தைச் செய்தவன் நினைக்காத உபயோகம் ஒன்று அங்கே பிறந்துவிட்டது. சிகாகோவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அவர்கள் அந்தப் பெட்டியின் திருகுகளை முறுக்கி ஒலியின் நிறத்தை மாற்றிக்கொண்டே போனார்கள். இவர் அதைக் கொண்டு ராகத்தின் பாதையில் நடந்தார். பெட்டி ஒன்று, பிரச்னைகள் வேறு.

தாளத்துக்கும் இது பொருந்தும். தபலா போய்விட்டது. ஆவர்த்தனம் சுற்றிக்கொண்டு சமத்துக்கு வந்து விழுகிற அந்த நிம்மதி போய்விட்டது. 808 ஒரே சீராக நான்கு நான்காக அடித்துக்கொண்டே போகிறது. சம்பிரதாயக் காதுக்கு இது நஷ்டம், நான் மறுக்கவில்லை. ஆனால் கொஞ்ச நேரத்தில் அந்த அடி தாளமாக இல்லாமல் தம்பூராவின் வேலையைச் செய்ய ஆரம்பிக்கிறது. காலத்துக்கு ஒரு சுருதி போட்ட மாதிரி.

குறைகளும் உண்டு. பத்தும் கிட்டத்தட்ட ஒரே வேகம். ஒரே மூச்சில் கேட்டால் ஐந்தாவதிலேயே களைப்புத் தட்டும். தோடியின் காந்தாரம் கீபோர்டுக் கட்டை வைத்த இடத்தில் நிற்கிறது, ராகம் கேட்கும் இடத்தில் நிற்கவில்லை. முன்னோடிப் பட்டம் கட்டியவர்கள் யாரும் இந்தக் குறையைச் சொன்னதாக நான் படித்ததில்லை. தோடி எங்கே நிற்க வேண்டும் என்பது அவர்களுக்குக் கவலையாக இருந்தால்தானே.

என் யோக்கியதையையும் சொல்லியாக வேண்டும். தட்டு வந்த மறு வருஷமே ஒரு நண்பர் வீட்டில் இதைக் கேட்டிருக்கிறேன். அட்டையில் 'டிஸ்கோ' என்று கண்டதும் எனக்குள் இருந்த விமர்சகன் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டான். இரண்டாவது ராகம் பாதியில் இருக்கும்போது, ஐயா, இதை எடுத்துவிட்டு அமீர்கானைப் போடுங்கள் என்றேன். நண்பர் சங்கடத்தோடு எடுத்துவிட்டார். நான் என்னவோ சங்கீதத்தின் மானத்தைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டு காப்பி குடித்தேன். அந்த டச்சுக்காரர் மேல் எனக்குக் கோபம் வராததற்கு இதுதான் காரணம். தூசி தட்டியதற்கு அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். தூசி படிய விட்டவர்களில் நானும் ஒருவன்.

அகமதாபாத் விஷயம் இன்னும் மோசம். 1969-ல் அங்கே தேசிய வடிவமைப்புக் கழகத்தில் அமெரிக்கரான டேவிட் டூடர் வந்து ஒரு மூக் சிந்தசைசரை நிறுவினார். கீதா சாராபாய், ஐ.எஸ்.மாத்தூர், அதுல் தேசாய், எஸ்.சி.சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா என்று சிலர் மூன்று நான்கு வருஷங்கள் அதில் வேலை செய்தார்கள். நாடாக்கள் கழகத்தின் ஆவணங்களுக்குள் அடங்கிப்போயின. லண்டன்வாசியான பால் புர்கஸ் அவற்றைத் தேடி எடுத்து, 2023-ல் தொகுப்பாக வெளிவந்தது. சர்மாவின் 'டான்ஸ் மியூசிக்' துண்டுகளைக் கேட்டதும் என் வாயில் வந்த வாக்கியம், 'கிராஃப்ட்வெர்க்கின் ஆட்டோபான் 1974. இது அதற்கும் முந்தியது' என்பது. வியாதி எனக்கும் இருக்கிறது. கீதா சாராபாய் 1946-ல் நியூயார்க்கில் ஜான் கேஜுக்கு இந்திய சங்கீதம் சொல்லிக்கொடுத்தவர் என்பதைச் சொல்லி நம் பக்கம் ஒரு காயை நகர்த்தவும் கை துறுதுறுக்கிறது. அதுவும் அதே ஆட்டம்தான். சர்மாவின் துண்டுகளைப் பற்றிச் சொல்லத் தகுந்தது, ஒரு மனிதர் புதுக் கருவியின் முன் உட்கார்ந்து, எந்தச் சபையையும் நினைக்காமல், இது எதற்கு ஆகும் என்று தடவித் தடவிப் பார்ப்பது நம் காதில் விழுகிறது என்பதுதான். சில துண்டுகள் வெறும் தடவல். அதற்கு மேல் ஒன்றுமில்லை.

ஆப்பிரிக்காவுக்கும் இதே சீட்டுத்தான் ஒட்டப்படுகிறது, ஆப்பிரிக்காவின் இன்னார் என்று. ஜாம்பியாவின் விட்ச் குழுவைக் கேளுங்கள். 1975-ல் வந்த 'லேசி போன்ஸ்'. ஃபஸ் கிதார் கரகரக்க, சைகடெலிக் ராக் என்று வகைப்படுத்துகிறார்கள். கேட்டால் செம்புச் சுரங்க ஊர்களின் புழுதி தெரிகிறது. செம்பு விலை விழுந்தது. பிறகு எய்ட்ஸ் வந்து குழுவில் பெரும்பாலோரைக் கொண்டுபோயிற்று. பாடகர் ஜகாரி சாண்டா எஞ்சினார். நைஜீரியாவின் வில்லியம் ஒன்யேபோர் வேறு ரகம். எனுகுவில் சொந்தமாக ஸ்டுடியோ வைத்து, 1977 முதல் 1985 வரை சிந்தசைசர் ஃபங்க் தட்டுகளைத் தானே போட்டுத் தள்ளினார். பிறகு கிறிஸ்துவில் மறுபடி பிறந்ததாகச் சொல்லி, அந்த இசையைப் பற்றிப் பேச மறுத்துவிட்டார். 2013-ல் 'யார் இந்த வில்லியம் ஒன்யேபோர்?' என்று கேட்டே ஒரு தொகுப்பு வந்தது. 2017-ல் சாகும்வரை அவர் பதில் சொல்லவில்லை. பட்டம் கட்ட வந்தவர்களுக்கு அவர் காட்டிய அந்த மூடிய கதவு எனக்குப் பிடித்திருக்கிறது.

கோடை என்றால் காற்று வாங்கும் இசை, மெல்லிசை, ஊஞ்சல் என்பது நம் பத்திரிகைகளின் கோடை மலர் புத்தி. மே மாதத்துப் பகல் மூன்று மணிக்கு விசிறி அனலையே சுற்றிச் சுற்றித் தரும்போது இதம் எதுவும் எடுபடாது. அந்த அனலைப் போலவே விடாப்பிடியாக இருக்கும் ஒன்றைத்தான் அப்போது கேட்க முடியும். ஒன்யேபோரின் பத்து நிமிஷப் பாட்டுகள் அதற்கு ஏற்றவை. சரண்ஜித் சிங்கில் லலித்தை மட்டும் பகலுக்கு வைத்துக்கொள்ள வேண்டாம். விடியும் முன்பு மொட்டை மாடியில், பாய் இன்னும் சுடாமல் இருக்கும்போது கேளுங்கள். ஆறாவதாக மேக மல்லார் வருகிறது. மழைக்கான ராகத்தை மூன்று யந்திரங்கள் சேர்ந்து, ஒரு சொட்டு ஈரமில்லாமல், ஐந்து நிமிஷம் கேட்டுக்கொண்டே இருக்கின்றன. அதை மூன்று மணிக்குப் போடுங்கள். ஜன்னலைச் சாத்த வேண்டாம்.