பழி தாய்க்கு, பணம் கம்பெனிக்கு

குழந்தைகள் மிதமிஞ்சிப் பருத்து, இளமையிலேயே நோய்க்கு இரையாவதற்குப் பொறுப்பாளி யார்? "பெற்றோரே" என்று சிலர் தயங்காமல் விடையிறுக்கின்றனர். உண்பதும் விடுவதும் அவரவர் இஷ்டமாம், வேண்டாதவர் வாங்காதிருக்கலாமாம், பிள்ளையை அடக்கத் தெரியாத தாய், விற்பவனை நோவது வீணாம். கேட்பதற்கு இது நியாயம் போலவே தோன்றும். ஆனால், நம் தோட்ட மக்கள் இந்த நியாயத்தைக் கேட்பது இது முதல் தடவையன்று.

அந்நாளில் தோட்ட எல்லைக்குள்ளேயே கள்ளுக்கடை இருந்தது. குடும்பம் குலைந்தபோது, "குடித்தவன் குற்றம்" என்றனர், கடைக்கு இடங்கொடுத்தோர். குடித்தவன்பால் குற்றமே இல்லையென்று எவரும் சாதிக்கவில்லை. ஆயினும் 1941-ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடவேண்டுமென்றும் கேட்டனர். புத்திமதி மட்டும் போதாது, கடையும் தொலைய வேண்டும் என்பதை அவ்வேழைகள் உணர்ந்திருந்தனர். படித்த நமக்கு அது விளங்காதா?

2022-ஆம் ஆண்டு மலேசியாவில் எடுத்த சுகாதார ஆய்வின்படி, 13 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகளில் ஏறக்குறைய மூவரில் ஒருவர் அளவுக்கு மீறிய எடையுடையவர். மூவரில் ஒருவரின் தாய் திடீரெனப் பொறுப்பற்றவளாகி விட்டாளோ? தாய் மாறவில்லை, சந்தை மாறியது. பொட்டலத்தின்மேல் சித்திரக் கோமாளி. உணவோடு இலவசப் பொம்மை. கைப்பேசியில் பாட்டுக்குப் பாட்டு விளம்பரம். எட்டு வயதுக்குட்பட்ட குழந்தை விளம்பரத்தின் உள்நோக்கத்தை அறியாது என்பது மனோதத்துவ அறிஞர் கண்ட முடிவு. அறியாப் பிள்ளையிடம் ஆசையை மூட்டிவிட்டு, அதை அடக்கும் கடமையைத் தாயின் தலையிற் சுமத்துவது எந்த நீதி?

100 மில்லி லிட்டருக்கு 10 கிராம் சர்க்கரை கலந்த குளிர்பானத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். 320 மில்லி லிட்டர் கொண்ட ஒரு டின்னில் 32 கிராம், அதாவது எட்டுத் தேக்கரண்டிச் சர்க்கரை இருக்கிறது. ஒரு குவளைத் தேநீரில் எட்டுக் கரண்டி சர்க்கரை போட்டுப் பிள்ளைக்குக் கொடுக்கும் தாய் நம்மில் உண்டா? இல்லை! அவள் கண்ணுக்கு மறைவாகக் கம்பெனி அதைச் செய்கிறது.

சர்க்கார் சும்மா இருக்கிறது என்று கூறவில்லை. 100 மில்லி லிட்டருக்கு 5 கிராமுக்கு மேல் சர்க்கரையுள்ள பானங்கள்மீது மலேசியா 2019-இல் லிட்டருக்கு 40 சென் வரி விதித்தது. 2025-இல் அது 90 சென் ஆயிற்று. டின்னுக்குக் கணக்கிட்டால் சுமார் 29 சென். வரி விலையைத் தொடும். பிள்ளையின் மனத்தில் ஆசையை விதைக்கும் விளம்பரத்தை அது தொடாது. அதைத் தொட்ட நாடுகளும் உண்டு. கனடாவின் கியூபெக் மாகாணம் 1980-இலேயே 13 வயதுக்குட்பட்டோரை நோக்கிய வாணிப விளம்பரங்களைத் தடுத்தது. சிலி தேசம் 2016 முதல் சர்க்கரை, உப்பு, கொழுப்பு மிகுந்த பொட்டலங்களில் கறுப்பு முத்திரை பொறித்து, பிள்ளைகளை மயக்கும் சித்திரங்களை அகற்றியது. 2022-ஆம் ஆண்டிறுதி முதல் சிங்கப்பூரில் சர்க்கரை மிகுந்த கடைத்தரப் பானங்களுக்கு விற்குமிடத்துக்கு வெளியே விளம்பரம் இல்லை. அங்கெல்லாம் தாய்மாரின் பொறுப்பு பறிபோய்விட்டதா? அதை நிறைவேற்ற வழியன்றோ பிறந்தது!

நம் வீட்டுக் குறையையும் மறைக்க வேண்டாம். கொழுத்த பிள்ளையே அழகென்று மெச்சுகிறோம். கலியாணமென்றாலும் திருவிழாவென்றாலும் சிறுவர் கையில் வண்ணத் தண்ணீரைத் திணிப்பதை உபசாரம் என்கிறோம். இவ்வழக்கம் ஒழிய வேண்டும். ஒழிப்பது நம் கடமை.

ஆனால் கடமை ஒருவழிப் பாதையன்று. அறிவும் பணமும் யாரிடம் மிகுதியோ, பொறுப்பும் அவரிடமே மிகுதி. பிள்ளைகளைக் குறிவைக்கும் விளம்பரத்தைச் சட்டத்தால் நிறுத்துமாறு தொழிற்சங்கங்களும் பெற்றோர் சங்கங்களும் சர்க்காரைக் கேட்கட்டும். கள்ளுக்கடையை மூடச் சொன்னவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். கேட்க நமக்கு நாவில்லையா?