காலை ஆகாரமும் காப்பியும்

நெசவாளர் குடும்பங்களிலும் விவசாயிகள் குடும்பங்களிலும் இரண்டு வகைக் குறைகள் பரவலாகக் காணப்படுகின்றன. நெஞ்செரிச்சல், புளியேப்பம், வயிற்று உப்பிசம், மலச்சிக்கல் என்பன ஒரு வகை. பற்சொத்தை, பல் கூச்சம், நா எரிச்சல், வாய்ப்புண் என்பன மற்றொரு வகை. இவை யாவற்றையும் ‘உடம்புச் சூடு’ என்ற ஒரு சொல்லில் அடக்கிவிட்டு, மருந்துக் கடையில் ஒரு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்குத் திரும்புவதே நம்மவர் வழக்கமாக இருந்து வருகிறது. காலை ஆகாரம் இருந்த இடத்தில் சர்க்கரை கலந்த காப்பி வந்து அமர்ந்துகொண்டது இக்குறைகளுக்கு ஒரு முக்கிய காரணம் என்று நாம் கருதுகிறோம்.

காப்பியை விரோதியாக்குவது நம் நோக்கமன்று. சேர்வராயன் மலையில் ஏறத்தாழ 200 ஆண்டுகளாகக் காப்பி விளைகிறது. அதனைப் பயிரிட்டுப் பிழைப்போரும் நம் போன்ற விவசாயிகளே. காப்பி வாரியம் தன் காப்பி விடுதிகளை மூடியபொழுது, வேலையிழந்த ஊழியர்கள் 1957 முதல் கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்து அவ்விடுதிகளை நடத்திக் காட்டியது நம் இயக்கத்திற்கே பெருமையாகும். மேலும், உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, காப்பியின்மேல் முன்னர் கொண்டிருந்த ஐயத்தை 2016-இல் விலக்கிக்கொண்டது. ஆனால் 65 பாகைக்கு மேற்பட்ட கொதிசூட்டில் எந்தப் பானத்தைப் பருகினாலும் உணவுக்குழலுக்குக் கெடுதி நேரக்கூடும் என்று அப்பொழுதே எச்சரித்தது. ஆகவே குறை காப்பியில் இல்லை. நாம் அதனை அருந்தும் வேளையிலும், முறையிலும், அதில் இடும் சர்க்கரையிலுமே இருக்கிறது.

முன்னர் விடியற்காலையில் நீராகாரமோ பழையதோ கம்பங்கூழோ வயிற்றுக்குள் சென்ற பின்னரே நம்மவர் தறிக்கும் வயலுக்கும் சென்றனர். இன்றோ பலருக்குப் பத்து மணி வரையில் காப்பி ஒன்றே ஆகாரம். இதனைச் சோம்பல் என்றோ நாகரிக மோகம் என்றோ இகழ்வது நியாயமாகாது. நெய்த அளவிற்கே கூலி பெறும் நெசவாளர், தறிக்குழியில் இறங்கி அமர்ந்த பின் எழுந்திருக்கும் ஒவ்வொரு முறையும் கூலியை இழக்கிறார். கூழைக் கரைத்துக் குடிக்கக் கால் மணி வேண்டும். காப்பிக்கு இரண்டு நிமிஷம் போதும். அந்தச் சர்க்கரையும் காப்பியும் பசியைச் சற்று நேரம் மறைக்கின்றன. மறைந்த பசி சிறிது நேரத்தில் மீண்டும் தலையெடுக்க, மீண்டும் ஒரு தம்ளர் வருகிறது.

காப்பி இரைப்பையில் அமிலச் சுரப்பைத் தூண்டும் இயல்புடையது. சிலருக்கு அது உணவுக்குழலின் கீழ்வாய்த் தசையைத் தளர்த்தி, அமிலம் மேலேறவும் செய்கிறது. ஆகாரமின்றி அருந்தினால் எரிச்சல் உறைக்கிறது. பால் இனிமை ஜீரணமாகாத உடல்வாகு தென்னாட்டில் பலருக்கு உண்டு. அத்தகையோருக்குப் பால் மிகுந்த காப்பி உப்பிசத்தையும் வயிற்றிரைச்சலையும் தரும். இடுப்பு வலிக்கும் முதுகு வலிக்கும் விழுங்கும் மாத்திரையை வெறும் வயிற்றில் காப்பியுடன் விழுங்குவது எல்லாவற்றினும் கொடிது. வலி மாத்திரைகளே இரைப்பைப் புண்ணுக்கு முக்கியமான காரணங்களுள் ஒன்று.

இனி வாயைக் கவனிப்போம். சர்க்கரை வாயில் பட்டதும், பல்லின்மேல் படிந்துள்ள கிருமிகள் அதனை அமிலமாக மாற்றுகின்றன. அந்த அமிலம் பல்லின் மேற்பூச்சைக் கரைக்கிறது. உமிழ்நீர் அதனைச் சரிசெய்ய அரைமணி முதல் ஒரு மணி வரை ஆகும். எனவே எவ்வளவு சர்க்கரை என்பது மட்டுமன்றி, எத்தனை முறை என்பதும் முக்கியமாகிறது. ஒரு தம்ளரைத் தறியருகே வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் சிறுகச் சிறுகப் பருகுவோர், பல்லுக்கு ஓய்வே தருவதில்லை. கருப்பட்டியும் வெல்லமும் இவ்விஷயத்தில் வெள்ளைச் சர்க்கரையைவிட உத்தமமானவை அல்ல.

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். தம்ளருக்கு 2 கரண்டி வீதம் நாளொன்றுக்கு 5 தம்ளர் அருந்தினால், 10 சிறு கரண்டிச் சர்க்கரை, அதாவது 40 முதல் 50 கிராம் உட்செல்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் 2015-இல் கூறிய வரம்பு சுமார் 50 கிராம். 25 கிராமுக்குள் இருப்பின் மேலும் நன்று என்பதும் அதன் கருத்து. காப்பி ஒன்றிலேயே வரம்பு நிரம்பிவிடுகிறது. பலகாரமும் பிஸ்கட்டும் இன்னும் கணக்கில் வரவில்லை.

ஆகார மாற்றத்தின் மற்றொரு பக்கத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 2011-இல் தொடங்கிய விலையில்லா ரேஷன் அரிசி ஏழைகளின் பசியை ஆற்றியது. அதனை நாம் குறைகூறோம். ஆயினும் தீட்டிய அரிசியே மூன்று வேளையும் என்றானபின், கேழ்வரகும் கம்பும் அடுப்படியை விட்டு நீங்கின. 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. தீட்டிய அரிசியில் அது 10 மில்லிகிராம் அளவே. நார்ச்சத்திலும் அரிசி மிகவும் பின்தங்கியது. மலச்சிக்கலுக்கு இஃது ஒரு காரணம். உணவோடு சேர்த்து அருந்தும் காப்பி, தானியத்திலும் கீரையிலும் உள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்காதபடி தடுக்கிறது. தமிழகத்தில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருப்பதை 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு காட்டியது. வழவழத்த நாக்கும், நா எரிச்சலும், வாய்க்கோண வெடிப்பும் பல சமயங்களில் இச்சத்துக் குறைவின் அடையாளங்களே.

பரிகாரம் கடினமானதன்று. முதலில் ஆகாரம், ஒரு மணி கழித்துக் காப்பி என்ற வரிசையை வீட்டில் ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். நாளுக்கு இரண்டு வேளை என வரையறுத்து, சர்க்கரையை வாரத்திற்கு அரைக் கரண்டி வீதம் குறைத்து வரலாம். அருந்தியதும் தண்ணீரால் வாய் கொப்பளிக்கவேண்டும். இவற்றை நிதானமாகச் செய்தல் நலம். காப்பியைத் திடீரென நிறுத்தினால் ஓரிரு நாள் தலைவலி வரும். கேழ்வரகைத் திடீரென மூன்று வேளையும் உண்டால் வயிறு உப்பும். சிறுகக் கூட்டினால் உடல் பழகிக்கொள்ளும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். இரண்டு வாரங்களுக்கு மேல் ஆறாத வாய்ப்புண், வாயினுள் வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, விழுங்குவதில் தடை, கரிய மலம், காரணமின்றி உடல் மெலிதல் ஆகியவற்றைக் காப்பியின்மேலும் உடம்புச் சூட்டின்மேலும் போட்டுவிட்டுக் காலம் தாழ்த்தலாகாது. புகையிலை மெல்லும் பழக்கமுள்ளோர் இதில் இருமடங்கு எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். உடனே அரசு மருத்துவமனைக்குச் செல்க. வாய்ப்புற்று தொடக்கத்தில் அறியப்பட்டால் குணமாகும் வாய்ப்பு மிகுதி.

இவ்வளவும் தனி மனிதர் முயற்சியால் மட்டும் கைகூடுமா என்று கேட்கலாம். கூடாது என்பதே நம் கருத்து. கூலிமுறையே காப்பியைத் தறியருகே கொண்டுவந்து வைத்திருக்கிறது. இங்கேதான் சங்கத்தின் கடமை தொடங்குகிறது. நம்மில் ஒரு சாரார் கேழ்வரகும் கம்பும் விளைவிக்கிறோம். மற்றொரு சாரார் அவற்றை உண்ணாமல் நலிகிறோம். விளைவிப்போரிடம் நியாய விலைக்கு வாங்கி, மாவாக்கிச் சங்கப் பண்டகசாலையில் விற்பதற்கு என்ன தடை? பொதுத் தறிக்கூடங்களில் காலையில் ஒரு குறித்த வேளையில் கால் மணி தறி நிறுத்தி, கூழும் மோரும் வழங்கலாகாதா? அனைவரும் ஒரே வேளையில் எழுந்தால் எவருக்கும் தனியே நஷ்டமில்லை. வயிற்று வலியால் ஒரு நாள் தறி நிற்பதைவிட, நாள்தோறும் கால் மணி நிற்பது மலிவல்லவா?

எதிர்வரும் மகாசபைக் கூட்டத்தில் அங்கத்தினர்கள் இதனைத் தீர்மானமாகக் கொணர வேண்டுமென்றும், நிர்வாகக் குழுவினர் அதற்குச் செவிசாய்க்க வேண்டுமென்றும் கேட்டுக்கொள்கிறோம்.