மகனுக்கு உதவித்தொகை... 18 வயது ஆக வேண்டுமா?

கேள்வி: ‘‘எங்கள் மகனுக்கு 14 வயது. மனவளர்ச்சி குன்றியவன். 50 சதவிகிதம் என்று டாக்டர்கள் சான்று கொடுத்திருக்கிறார்கள். அவனைத் தனியாக விட்டுவிட்டுத் தோட்டத்து வேலைக்குப் போக முடியவில்லை. அரசு உதவித்தொகை கேட்டால், ‘18 வயது முடியட்டும், 80 சதவிகிதம் இருக்க வேண்டும்’ என்கிறார்கள். உண்மையா?’’

- வாசகி, கிணத்துக்கடவு.

பதில்: ‘‘உண்மையல்ல. இரண்டு திட்டங்களைப் போட்டுக் குழப்பியதால் வந்த பதில் அது. 18 வயது, 80 சதவிகிதம் என்ற நிபந்தனை, மத்திய அரசின் இந்திரா காந்தி தேசிய மாற்றுத்திறனாளி ஓய்வூதியத் திட்டத்துக்கு உரியது. அதை வருவாய்த்துறை மூலம் தருகிறார்கள்.

தமிழக அரசின் மாற்றுத்திறனாளிகள் நலத்துறை தருவது பராமரிப்பு உதவித்தொகை. மாதம் 2,000 ரூபாய். கை, கால் பாதிப்பு என்றால் 75 சதவிகிதம் இருக்க வேண்டும். அறிவுசார் குறைபாட்டுக்கு 40 சதவிகிதமே போதும், சிறுவர்களும் பெறலாம். எனவே, உங்கள் மகன் விண்ணப்பிக்கலாம். ஒருவர் இந்த இரண்டில் ஒன்றைத்தான் வாங்க முடியும்.

மருத்துவச் சான்று, தனித்துவ அடையாள அட்டை, ஆதார், குடும்ப அட்டை, வங்கி பாஸ்புக் ஆகியவற்றின் நகல்களுடன், கோவை கலெக்டர் அலுவலக வளாகத்தில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். தனித்துவ அடையாள அட்டை இல்லையென்றால், முதலில் அதற்குப் பதிவு செய்யுங்கள். கட்டணம் கிடையாது. மனுவைக் கொடுத்ததும் ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இழுத்தடித்தால், அந்தச் சீட்டுடன் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் கலெக்டரிடமே மனு கொடுக்கலாம். பணம் வரத் தொடங்கிய பிறகு, ஆண்டுதோறும் உயிர்வாழ் சான்று கேட்பார்கள். அதைத் தவறவிட்டால் தொகை நின்றுபோகும்.

எல்லாவற்றுக்கும் பிறர் துணை தேவைப்படும் நிலையில் இருப்பவர்களின் பராமரிப்பாளருக்கு, மாதம் 1,000 ரூபாய் தனியாக வழங்கும் திட்டமும் இருக்கிறது. உங்கள் மகன் அந்தப் பிரிவில் வருவாரா என்பதை அதே அலுவலகத்தில் கேளுங்கள். ‘நிராமயா’ என்ற மருத்துவக் காப்பீட்டில் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவைத் திரும்பப் பெறலாம்.

இன்னொன்றையும் இப்போதே மனதில் வையுங்கள். 18 வயது முடிந்தால், சட்டப்படி அவர் மேஜர். அதன்பிறகு அவர் பெயரில் உள்ள நிலம், வங்கிப் பணம் ஆகியவற்றுக்குப் பெற்றோர் என்ற உரிமையில் மட்டும் கையெழுத்துப் போட முடியாது. தேசிய அறக்கட்டளைச் சட்டம், 1999-ன்படி, கலெக்டர் தலைமையிலான உள்ளூர் அளவிலான குழுவிடம் விண்ணப்பித்துச் சட்டப்பூர்வ பாதுகாவலர் சான்று பெற வேண்டும். உங்களுக்குப் பிறகு அவரைப் பார்த்துக்கொள்ளப் போகிறவர் யார் என்பதைக் குடும்பத்தில் பேசி முடிவு செய்துவிட்டு, பிறகு தோட்டத்தை அவர் பெயருக்கு எழுதுவது நல்லது.’’