இல்லமும் நாமும்: அடுக்களையை நாமே அமைத்தல்

தாராவியின் சிறு வீட்டை விட்டு அடுக்குமாடிக்குக் குடியேறும் அன்பர்களும், மாதுங்காவிலும் செம்பூரிலும் பழைய கட்டடம் போய்ப் புதியது எழுந்தபின் திரும்பி வரும் குடும்பத்தினரும் நம்மிடம் அடிக்கடி கேட்கும் வினா ஒன்று உண்டு. "அடுக்களையை நாமே அமைத்துக்கொள்ள இயலுமா?" என்பதே அது. பெரும்பகுதி இயலும். ஆனால் எதை நாம் செய்யலாம், எதைச் செய்யலாகாது என்னும் எல்லையை அறிதல் வேண்டும். அதற்கும் முன்னதாக, அதை யாருக்காக அமைக்கின்றோம் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

நம் பாட்டிமார் அடுப்பின் முன் அமர்ந்தே சமைத்தனர். அம்மியும் அரிவாள்மணையும் தரையிலேயே இருந்தன. ஆகவே மேடையின் உயரம் என்ற கேள்வியே அவர்களுக்கு எழவில்லை. எரிவாயு அடுப்பு வந்து, நின்றுகொண்டு சமைக்கும் வழக்கம் ஏற்பட்ட பின்னரே அக்கேள்வி பிறந்தது. ஆயினும் இன்றும் பல வீடுகளில் அதற்கு விடை கூறுபவர் சமைப்பவர் அல்லர். கொத்தனாரோ, வீட்டுத் தலைவரோதான்.

இதை எழுதுபவனும் அக்குற்றத்திற்கு விலக்கானவன் அல்லன். செம்பூரில் எங்கள் வீட்டு மேடையை அமைத்தபோது, என் கை வாட்டத்திற்கு ஏற்ப 36 அங்குலம் என்று நானே அளந்து கொடுத்தேன். என் மனைவியின் உயரம் ஐந்தடிக்கும் சற்றுக் குறைவு. பதினோர் ஆண்டுகள் அவள் அம்மேடையில் தோளைத் தூக்கிக்கொண்டே காய் நறுக்கினாள். தோள்வலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டாள். பின்னர் மேடையைப் பெயர்த்து 32 அங்குலத்தில் மீண்டும் அமைத்தோம். சில நாட்கள் சென்றபின் அவள் சொன்னாள்: "இத்தனை காலமும் என் உடம்புதான் தளர்ந்துபோயிற்று என்று எண்ணியிருந்தேன்." அச்சொல்லுக்கு மறுமொழி கூற எனக்கு நா எழவில்லை.

எனவே முதல் வேலை அளப்பதே. சமைப்பவர் வெறுங்காலுடன் நிமிர்ந்து நின்று முழங்கையை மடக்கட்டும். தரையிலிருந்து முழங்கை வரை அளந்து, அதில் நான்கு முதல் ஆறு அங்குலம் கழித்தால் வருவதே நறுக்கும் இடத்தின் உயரம். அடுப்பின் மேல் இட்லிப் பானையும் குக்கரும் ஏறுவதால், அடுப்பு வைக்கும் பகுதி இன்னும் இரண்டு மூன்று அங்குலம் தாழ்ந்திருப்பது நலம். இருவர் சமைக்கும் வீடாயின், நெடுநேரம் நிற்பவரின் அளவே அளவு. கல் வாங்குமுன் அவ்வுயரத்தில் ஒரு மேசையை நிறுத்தி, ஒரு வாரம் அதன்மேல் காய் நறுக்கிப் பாருங்கள்.

இடம் சிறிது என்று மனம் தளர வேண்டியதில்லை. 1995இல் உருவான குடிசைப் புனரமைப்பு அதிகார அமைப்பின் வீடுகள் முதலில் 225 சதுர அடியாகவும், பின்னர் 269 ஆகவும், அதன்பின் 300 ஆகவும் வகுக்கப்பட்டன. இவற்றில் அடுக்களைக்குக் கிடைப்பது ஒரு மூலையே. இத்தகைய நெருக்கடியை ஐரோப்பாவும் கண்டதுண்டு. முதல் உலகப் போருக்குப் பின் ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரில் தொழிலாளர் குடியிருப்புகள் எழுந்தபோது, மார்கரெட்டே ஷுட்டே லிஹோட்ஸ்கி என்னும் பெண் கட்டடக் கலைஞர் 1926இல் ஒரு சிற்றடுக்களையை வகுத்தார். அகலம் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர், அதாவது ஏறக்குறைய 70 சதுர அடி. இரயில் உணவு வண்டியின் சமையலறையை ஆராய்ந்து, சமைப்பவர் நடக்கும் அடிகளையும் எண்ணிப் பார்த்தே அவர் ஒவ்வொரு பொருளுக்கும் இடம் குறித்தார். ஏறத்தாழ 10,000 வீடுகளில் அது அமைந்தது. கழுவும் தொட்டி, நறுக்கும் இடம், அடுப்பு ஆகியவை இவ்வரிசையில் அருகருகே இருந்தால் நமக்கும் கால்நோவு குறையும்.

இனிக் கல்லைப் பற்றி ஒரு சொல். பம்பாய் வீடுகளில் பெரிதும் வழங்கும் கடப்பைக் கல் சுண்ணாம்புக்கல் இனத்தைச் சேர்ந்தது. புளியும் எலுமிச்சையும் பட்டால் அதன் மெருகு வெளுக்கும். புளிக்குழம்பின்றி உண்ணாத நமக்கு மேற்பலகைக்குக் கிரானைட்டும், கீழ்த் தட்டுகளுக்கும் தாங்குகால்களுக்கும் கடப்பையும் ஏற்றவை. ஒட்டுப்பலகையில் அலமாரி செய்வோர், ஐ.எஸ். 710 என்ற முத்திரையுள்ள நீர்தாங்கும் வகையைக் கேட்டு வாங்குதல் வேண்டும். அறுத்த ஓரங்களில் வண்ணமோ பசையோ பூசாவிடில் நம் ஊர் மழைக்காலத்தில் அவை உப்பிவிடும். அலமாரிக்கு நான்கு அங்குலக் கால் வைத்தால் தரை கழுவும் நீர் அதைத் தொடாது.

அலமாரிகளைப் பூட்டுதல், தட்டுகளை மாட்டுதல், மேடையும் சுவரும் சேரும் இடுக்கை அடைத்தல், வண்ணம் பூசுதல் ஆகியன நம் கையாலேயே ஆகும். கருவிகளுள் ரசமட்டம் இன்றியமையாதது. சுவரில் துளையிடுமுன், மின்முனைக்கும் குழாய்க்கும் நேர் மேலும் கீழும் உள்ள இடத்தைத் தவிர்க்க. கம்பியும் குழாயும் அங்கேதான் ஓடும். பரணில் தண்ணீர் சேர்ப்போர் 200 லிட்டர் என்பது 200 கிலோ என்பதை மறத்தலாகாது.

மூன்று வேலைகளை உரிமம் பெற்றவரிடமே விடுக: எரிவாயு, மின்சாரம், சுவருள் ஓடும் நீர்க்குழாய். 2,000 வாட் அடுப்பு ஒன்பது ஆம்பியர் அளவுக்கு மின்சாரம் இழுக்கும். ஆறு ஆம்பியர் முனை அதைத் தாங்காது. உருளை எரிவாயு காற்றினும் கனமானது; கசிந்தால் தரையோடு தங்கும். குழாயில் வரும் இயற்கை வாயு இலேசானது. கசிந்தால் கூரைக்கு எழும். ஆகவே முன்னதற்குத் தரையருகிலும் பின்னதற்குக் கூரையருகிலும் காற்று வழி வேண்டும். தூணையும் உத்தரத்தையும் தொடவே வேண்டா. தரையைப் பெயர்ப்பதாயின் குடியிருப்புச் சங்கத்தின் இசைவைப் பெறுக. நம் தரை, கீழ் வீட்டாருக்குக் கூரை அன்றோ?

அன்பர்களே, இவையனைத்தையும் தொடங்குமுன், அளவு நாடாவை எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டில் அன்றாடம் அடுப்படியில் நிற்பவரிடம் செல்லுங்கள். எத்தனை அங்குலம் என்று அவரே சொல்லட்டும்.