என் மார்க்ஸ் கார்டைக் கொடுங்கள்

"ஒரு வருஷம் வேலைக்குப் போம்மா. கையில நாலு காசு சேர்த்துக்கிட்டு வந்து கடைசி வருஷத்தை முடிச்சிடு." கோலார் தங்கவயலில் காலேஜ் ஃபீஸ் கட்ட முடியாமல் நிற்கிற பிள்ளைகளுக்கெல்லாம் பெரியவர்கள் சொல்லும் புத்தி இதுதான். சித்தப்பா சொன்னார், சர்ச் பாஸ்டர் சொன்னார், காலேஜ் ஆபீஸ் ஜன்னலுக்குள்ளிருந்தும் அதையேதான் சொன்னார்கள். பி.காம். இரண்டு வருஷம் முடித்திருந்தேன். மூன்றாம் வருஷத்துக்கு நாற்பதாயிரம் வேண்டும். அவர்கள் பேச்சை நம்பித்தான் வேலைக்குப் போனேன். இன்றைக்கு என்னிடம் பணமும் இல்லை, படிப்பும் இல்லை, என் பியூசி மார்க்ஸ் கார்டும் இல்லை. அது பெங்களூரில் ஓர் ஏஜென்சிக்காரருடைய மேஜை டிராயரில் கிடக்கிறது.

மூன்றாவது மாடியில் ஒற்றை அறை ஆபீஸ். வாசலில் செருப்புக் குவியல். உள்ளே எங்கள் ஊர்ப் பிள்ளைகள், முல்பாகல் பிள்ளைகள், ராய்ச்சூர் பக்கமிருந்து வந்த பிள்ளைகள். மாதம் பதினெட்டாயிரம், கேப் இலவசம், சாப்பாடு இலவசம் என்றார்கள். டிரெயினிங் சார்ஜ் என்று முதலில் மூவாயிரம் வாங்கினார்கள். அது அப்பா வட்டிக்கு வாங்கிக் கொடுத்த பணம். அப்புறம் ஒரிஜினல் மார்க்ஸ் கார்டு கேட்டார்கள். "வெரிஃபிகேஷன் முடிஞ்சதும் குடுத்துடுவோம்மா" என்று சொல்லிக்கொண்டே அந்த சார் டிராயரை இழுத்தார். ரப்பர் பேண்டு போட்டுக் கட்டுக் கட்டாக மார்க்ஸ் கார்டுகள். மேலே இருந்தது யாரோ ஒரு பையனுடையது. கணக்கில் தொண்ணூற்றாறு வாங்கியிருந்தான். அந்தக் கட்டுக்குள் என்னுடையதையும் செருகினார்.

அவர்கள் அனுப்பிய கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன். மாதக் கடைசியில் கைக்கு வந்தது பன்னிரண்டாயிரத்துச் சொச்சம். பிஎஃபில் என் பங்கைப் பிடித்தார்கள், அது முறை. கம்பெனி கட்ட வேண்டிய பங்கையும் என் சம்பளத்திலேயே பிடித்தார்கள். அப்படிப் பிடிக்கச் சட்டத்தில் இடமில்லை என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. இலவசம் என்ற கேப்புக்குக் காசு, கேண்டீனுக்குக் காசு, யூனிஃபார்முக்குக் காசு. மிச்சத்தில் தங்கியிருந்த பிஜி ஹாஸ்டலுக்கு ஆறாயிரம், வீட்டுக்கு மூவாயிரம். அதற்கப்புறம் சோப்பு, நாப்கின், ரீசார்ஜ், ஊருக்குப் போய்வரும் செலவு. இதில் எதைச் சேர்ப்பது? எப்படி நாற்பதாயிரம் ஆவது? நான் சினிமாவுக்குப் போகவில்லை, ஒரு சுடிதார்கூட எடுக்கவில்லை. பன்னிரண்டு மணி நேரம் நின்றுகொண்டே வேலை பார்த்தேன்.

அட்மிஷனுக்கு நாள் வந்ததும், கடன் வாங்கியாவது கட்டிவிடலாம் என்று வேலையை விட்டேன். மார்க்ஸ் கார்டு கேட்டால், ஒரு வருஷ அக்ரிமென்ட் முடியாமல் போவதால் இருபதாயிரம் கட்டிவிட்டு வாங்கிக்கொள் என்கிறார்கள். கடைசி மாதச் சம்பளத்தையும் நிறுத்திவிட்டார்கள். ஒரிஜினல் இல்லாமல் காலேஜில் மறுபடி சேர்க்க மாட்டார்கள். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனால், இது சம்பள விஷயம், வேறு ஆபீஸுக்குப் போ என்றார்கள். அங்கே போனால், "கையெழுத்துப் போட்டிருக்கியேம்மா" என்றார்கள். ஆமாம், போட்டேன். போட்டால்தான் வேலை என்றதால் போட்டேன். படிக்கும் காலேஜே பிள்ளைகளின் ஒரிஜினல் சான்றிதழை வைத்துக்கொள்ளக் கூடாது என்று யுஜிசி 2018-இல் சொல்லியாகிவிட்டது. பாடம் சொல்லிக் கொடுத்தவர்களுக்கே இல்லாத உரிமை, ஆள் பிடித்துக் கொடுக்கிறவருக்கு எங்கிருந்து வந்தது?

இது நான் ஒருத்தி ஏமாந்த கதை என்று யாரும் ஒதுக்கிவிட வேண்டாம். எங்கள் கோலார் மாவட்டத்திலேயே நரசாபுராவில், அப்போது ஐபோன் செய்துவந்த விஸ்ட்ரான் தொழிற்சாலையில் 2020 டிசம்பர் 12-ஆம் தேதி நடந்ததை நாடே பார்த்தது. இன்ஜினீயரிங் படித்தவர்களுக்கு மாதம் 21,000 என்று சொல்லிச் சேர்த்து, அது 16,000 ஆகி, பிறகு 12,000 ஆனதாக அப்போது செய்திகள் வந்தன. ஷிஃப்ட் எட்டு மணி நேரத்திலிருந்து பன்னிரண்டு ஆனது. பெரும்பாலான ஆட்களை எடுத்தது காண்ட்ராக்ட் ஏஜென்சிகள். பொறுக்க முடியாமல் அடித்து நொறுக்கினார்கள். நொறுக்கியதை நான் சரி என்று சொல்லவில்லை. ஆனால் நூற்றுக்கும் மேற்பட்டவர்களைக் கைது செய்த பிறகுதான், சிலருக்குச் சரியாகவும் நேரத்துக்கும் சம்பளம் போகவில்லை என்று கம்பெனி ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. நாங்கள் வாயால் கேட்டால் ஏன் யாருக்கும் காது கேட்பதில்லை? இதற்கெல்லாம் பிறகும் 2023-இல் கர்நாடக அரசு தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தி, பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழி செய்து கொடுத்தது. பன்னிரண்டு மணி நேரம் வேலை பார்க்கிற பிள்ளை எந்த நேரத்தில் படிக்கும் என்று சட்டசபையில் ஒருவருக்காவது தோன்றியதா?

ரயிலில் படிக்கலாமே என்கிறார்கள். எங்கள் ரயிலில் ஏறிப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும். மாரிக்குப்பத்தில் விடியுமுன் கிளம்பும் வண்டி. சாம்பியன், உரிகம், கோரமண்டல் என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஏறி, பங்காருப்பேட்டைக்கு வரும்போது கால் வைக்க இடமிருக்காது. செக்யூரிட்டி வேலைக்குப் போகும் அப்பாக்கள் கதவோரம் நின்றபடியே தூங்குவார்கள். திரும்பி வரும் வண்டியில் பெண்கள் மடியில் அவரைக்காயைப் போட்டு நார் உரிப்பார்கள், வீடு திரும்பியதும் குழம்பு வைக்க வேண்டுமே. பெங்களூருக்குப் போக நூறு கிலோமீட்டருக்குக் கிட்ட, வரவும் அவ்வளவு. இந்த ஊரின் உழைப்பில் பாதி அந்தப் பெட்டிகளுக்குள்தான் தினமும் வெளியே போகிறது.

தபால் வழியில் படிக்கச் சொல்கிறவர்களும் உண்டு. எங்கள் அண்ணன்மார், அக்காமார் காலத்தில் அதையும் பார்த்துவிட்டோம். கர்நாடக மாநிலத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துக்கு 2013-14 முதல் அங்கீகாரம் இல்லை என்று யுஜிசி 2015-இல் அறிவித்தது. திரும்பக் கிடைத்தது 2018-இல். நடுவில் பணம் கட்டிச் சேர்ந்தவர்கள் செய்த பாவம் என்ன? வேலை பார்த்துக்கொண்டே படிக்க நினைத்தவர்கள்தான் அதில் அதிகம் சேர்வார்கள். அடி விழுந்ததும் அவர்கள் தலையில்தான்.

என் தாத்தா சாம்பியன் ரீஃபில் அண்டர்கிரவுண்டு வேலை பார்த்தவர். மூன்று கிலோமீட்டருக்கும் ஆழமான சுரங்கம் அது. அடியில் பாறையின் சூடு அறுபது டிகிரியைத் தாண்டும். உள்ளே பாறை வெடிக்கிற ஏர் பிளாஸ்ட் ஆனால் மேலே லைன் வீடுகளில் பாத்திரம் உருளும், பெண்கள் ஷாஃப்டை நோக்கி ஓடுவார்கள், யார் வீட்டு ஆள் என்று தெரிகிறவரை அழுகை நிற்காது. வட ஆற்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் தர்மபுரியிலிருந்தும் வந்த எங்கள் சேரி ஜனங்கள் இப்படி நூற்றிருபது வருஷம் இறங்கி, ஏறக்குறைய 800 டன் தங்கம் எடுத்துக் கொடுத்தார்கள். சிலிக்கா தூசு நெஞ்சில் அடைத்து இருமி இருமிச் செத்தார்கள். 1946 நவம்பரில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஆறு பேர் விழுந்தார்கள். 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி நஷ்டம் என்று சொல்லி, சுரங்கத்தை நடத்திய பிஜிஎம்எல் கம்பெனி இழுத்து மூடப்பட்டது. வாரிசு வேலைக்குக் காத்திருந்த என் அப்பா, மூடிய மறு மாதமே பெங்களூருக்கு செக்யூரிட்டி வேலைக்குப் போனார். இன்னும் போகிறார்.

நான் பாதியில் நிறுத்தினாலும் காமர்ஸ் படித்தவள், கணக்குப் போட்டுப் பார்த்தேன். 800 டன் என்பது எண்பது கோடி கிராம். இன்றைய விலையெல்லாம் வேண்டாம், கிராம் வெறும் ஐயாயிரம் என்று குறைத்தே வைத்தாலும் நாலு லட்சம் கோடி ரூபாய். என் கடைசி வருஷத்துக்கு வேண்டியது நாற்பதாயிரம். தங்கம் எடுக்க மெஷின் ஓட வேண்டும் என்று 1902-லேயே சிவனசமுத்திரத்திலிருந்து காட்டையும் மேட்டையும் தாண்டி இங்கே கரண்ட் கொண்டுவந்தார்கள். தோண்டியவர்களின் பேரப்பிள்ளைகள் வேலையிலிருந்து திரும்பிப் படிக்க, எனக்கு எட்டிய தூரத்தில் ஒரு மாலை வகுப்பு இல்லை. யாரிடமும் பிச்சை கேட்கவில்லை. எங்களுக்கு வர வேண்டிய பாக்கியைக் கேட்கிறேன்.

அந்தப் பாக்கியைக் கொடுக்க இப்போது வழியும் இருக்கிறது. காற்றடித்தால் எங்கள் வீட்டுத் தட்டில் வந்து விழும் சயனைடு மண் மேடுகள் பதின்மூன்று இருக்கின்றன. அவற்றில் மிச்சமிருக்கும் தங்கத்தை எடுக்க மத்திய அரசு கேட்டதற்கு, 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் கொடுத்துவிட்டது. 2015-இல் திருத்திய சுரங்கச் சட்டப்படி, எடுக்கிறவர்கள் ராயல்டிக்கு மேல் ஒரு பங்கை மாவட்டக் கனிம அறக்கட்டளைக்குக் கட்ட வேண்டும். பாதிக்கப்பட்ட ஜனங்களின் கல்வி அதன் முன்னுரிமைச் செலவுகளில் ஒன்று. எங்கள் தாத்தாக்கள் இறங்கிய காலத்தில் இப்படி ஒரு சட்டம் இல்லை. இப்போது இருக்கிறது. அந்த மண்ணில் முதல் லாரி நகர்வதற்கு முன்னால், எங்கள் ஊர் ராபர்ட்சன்பேட்டையில் மாலைக் கல்லூரி வேண்டும். ஃபீஸ் கட்ட முடியாமல் நின்றுபோன ஒவ்வொரு பிள்ளையின் மிச்சப் படிப்புக்கும் பணம் ஒதுக்க வேண்டும். பிள்ளைகளின் ஒரிஜினலைப் பிடித்து வைத்திருக்கும் ஏஜென்சிகள் மேல் கேஸ் போட வேண்டும். இதையெல்லாம் எழுத்தில் கொடுங்கள். சுரங்கம் திறக்கும், வேலை வரும் என்று ஒவ்வொரு எலெக்‌ஷனுக்கும் மேடையில் சொன்னதைக் கேட்டுக்கொண்டுதான் எங்கள் அப்பாக்கள் 2001-லிருந்து ரயிலேறிக்கொண்டிருக்கிறார்கள்.