கருவண்டும் ஒரு குப்பி கிருஷ்ணாயிலும்

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை, பின்பக்க அடுக்குமாடியில் குடியிருக்கும் இளைஞர் கையில் மொபைலோடு வந்து நின்றார்.

"அங்கிள், இது என்ன பூச்சின்னு பாருங்க. உங்க அவரைப் பந்தல் கட்டையிலேர்ந்துதான் வருது. எவ்ளோ பெரிசு! பாப்பா பால்கனிக்கே வரமாட்டேங்கறா. பெஸ்ட் கண்ட்ரோல்காரனைக் கூப்பிடுங்க, செலவுல பாதி நான் தர்றேன்."

படத்தைப் பார்த்தேன். கட்டைவிரல் நுனி அளவுக்குக் கருப்பு உடம்பு, முதுகில் மஞ்சள் வெல்வெட் ஒட்டினாற்போல் ரோமம். அவர் பயந்ததில் தப்பில்லை. கர்ணனின் தொடையைத் துளைத்த வண்டின் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். கட்டையையே துளைக்கிற வண்டு நம்மை விட்டுவைக்குமா என்றுதான் தோன்றும்.

"ஒரு வாரம் பொறுத்துக்கோங்க தம்பி" என்று சொல்லி அனுப்பினேன். அவர் கேட்கும் அதே காரியத்தை நான் ஒருமுறை செய்துவிட்டு வருந்தியவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

அப்போது கொல்லையில் கீற்றுக் கொட்டகை ஒன்று வைத்திருந்தோம். அதன் சவுக்குக் கம்பில், துரப்பணம் போட்டது மாதிரி விரல் நுழையும் வட்டத் துளைகள். கீழே மரத்தூள். கரையானுக்கு அண்ணன் போலிருக்கிறது என்று முடிவு கட்டி, ஒரு குப்பி நிறைய கிருஷ்ணாயில் எடுத்து ஒவ்வொரு துளையிலும் ஊற்றிக் களிமண்ணால் அடைத்தேன். மறுநாள் என்னதான் இருக்கிறது பார்ப்போம் என்று கம்பைப் பிளந்தேன். உள்ளே ரயில் பெட்டி மாதிரி வரிசையாகச் சின்னச் சின்ன அறைகள். அறைக்கு ஓர் உருண்டை மஞ்சள் மகரந்தம். அதன்மேல் ஒரு வெள்ளைப் புழு. வாசல் பக்கம் தாய் செத்துக் கிடந்தது.

எட்டிப் பார்த்த என் மனைவி, "பிள்ளைத்தாய்ச்சி வீட்டுல போயா கிருஷ்ணாயிலை ஊத்தினீங்க?" என்று ஒரே வார்த்தை கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அதற்கப்புறம்தான் அது என்ன என்று தேடிப் படித்தேன். செய்யவேண்டிய வரிசையைத் தலைகீழாகச் செய்தவன் நான்.

நாம் வண்டு என்று சொன்னாலும் அது தேனீ இனம். ஆங்கிலத்தில் கார்ப்பென்டர் பீ, அதாவது தச்சுத் தேனீ. அறிவியல் பெயரான சைலோகோப்பா என்பதற்கு கிரேக்க மொழியில் மரவெட்டி என்று அர்த்தம். கரையான் போல இது மரத்தைத் தின்பதில்லை. குடைந்து தூளை வெளியே தள்ளும்; கொஞ்சம் தூளைக் கொண்டே அறைகளுக்குத் தடுப்புச் சுவர் கட்டும். தேனடை கட்டிக் கூட்டமாக வாழ்கிற வழக்கமில்லாததால், படையாக வந்து கொட்டுமோ என்ற பயம் வேண்டாம். பெண்ணுக்குக் கொடுக்கு உண்டு. கையால் பிடித்தாலோ நசுக்கினாலோ கொட்டும். ஆணுக்குக் கொடுக்கே கிடையாது. மயில்நீல இறக்கையோடு முழுக்கக் கருப்பாக இன்னும் பெரிய வகை ஒன்றும் நம் பக்கம் உண்டு.

கொல்லையில் பெரிதாகப் பறப்பதெல்லாம் இதுதான் என்றும் நினைத்துவிடக் கூடாது. தலையில் கொம்போடு இரவில் விளக்கைத் தேடி வந்து மோதுவது காண்டாமிருக வண்டு. அது தென்னங்குருத்தைக் குடையும், எருக்குழியில் முட்டையிடும். தென்னை வைத்திருப்பவர்களுக்கு உண்மையிலேயே எதிரி. கட்டைமேல் மண்பாதை ஓடினால் கரையான். அதற்கு மருந்து அடித்தே ஆக வேண்டும். காகிதத்தால் செய்தது போன்ற பானை அளவுக் கூடும், வயிற்றில் மஞ்சள் பட்டையும் கண்டால் அது கதண்டு. கூட்டமாகக் கொட்டினால் உயிருக்கே ஆபத்து. கிட்டே போகாமல் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள். நாலுக்கும் நாலு வைத்தியம். எல்லாவற்றுக்கும் ஒரே மருந்தை அடிப்பதுதான் எனக்கு ஒப்பவில்லை.

இந்தக் கருவண்டால் நமக்கு என்ன லாபம் என்று கேட்பவர்கள் முருங்கை பூத்திருக்கும்போது காலையில் மரத்தடியில் நின்று பாருங்கள். அந்தப் பூவில் மகரந்தச் சேர்க்கை செய்வதில் முக்கியமான ஆள் இதுதான். கத்தரியிலும் தக்காளியிலும் மகரந்தம் ஒரு குழாய்க்குள் பூட்டிக் கிடக்கும். பூவைப் பற்றிக்கொண்டு உடம்பை அதிரவைத்தால்தான் அது கொட்டும். அடையில் வாழும் சாதாரணத் தேனீக்கு அந்த வித்தை தெரியாது, இதற்குத் தெரியும். நான் கிருஷ்ணாயில் ஊற்றிய அடுத்த பருவத்தில் எங்கள் முருங்கை பூவாகப் பூத்தும் காய் சரியாகப் பிடிக்கவில்லை. காரணம் அதுதான் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் மனசு அப்படித்தான் கணக்குப் போட்டது.

இது நமக்குப் புதிய விருந்தாளியும் அல்ல. அகநானூற்றின் 82ஆம் பாட்டில் கபிலர், மூங்கில் துளைகளில் கோடைக்காற்று புகுந்து குழலாக ஒலிப்பதைப் பாடுகிறார். அந்தத் துளைகள் வண்டு போட்டவை என்பார்கள் உரைகாரர்கள். அன்று மலை மூங்கிலைத் துளைத்தது இன்று என் பந்தலைத் தேடி வருவானேன்? பட்ட மரத்தை நாம் எங்கும் விட்டுவைப்பதில்லை, அதனால்தான். 1937இல் கிறித்தவக் கல்லூரி தாம்பரத்துக்கு வந்தபோது சேலையூர் பக்கம் காடு. இன்று அந்த வளாகத்தில் மரங்கள் மிஞ்சியிருக்கின்றன, சுற்றிலும் கான்கிரீட். காய்ந்த கிளை ஒன்று தெரிந்தால் உடனே ஆளைக் கூப்பிட்டு வெட்டிவிடுகிறோம்.

2016 டிசம்பர் 12 வர்தா புயலில் எங்கள் பூவரச மரம் விழுந்தது. அடித்துண்டைத் தூக்க ஆள் கிடைக்காமல் மதில் ஓரமாகவே விட்டுவிட்டேன். இரண்டு மூன்று வருஷத்தில் அதில் வட்டத் துளைகள் வந்தன. அந்தத் துண்டு மக்கிப்போகும் வரை பந்தல் பக்கமும் கதவு நிலைப் பக்கமும் ஒரு வண்டும் வந்ததில்லை.

அதற்காக வீட்டு உத்தரத்தைத் தானம் கொடுங்கள் என்று சொல்லவில்லை. ஒரே கட்டையை வருஷா வருஷம் குடைந்தால் அது பலவீனப்படத்தான் செய்யும். நிலை, ஜன்னல் சட்டங்களுக்குப் பெயின்ட் அடித்து வையுங்கள். பெயின்ட் அடித்த மரத்தை இது அவ்வளவாக விரும்பாது. பழைய துளைகளை, உள்ளே யாரும் இல்லை என்று தெரிந்த பிறகு மரத்தூளும் பசையும் கலந்து அடையுங்கள். கூடவே மூலையில் ஒரு பட்ட கட்டையோ இரண்டு முழ மூங்கிலோ போட்டு வையுங்கள். மருந்து அடிக்க ஆகும் செலவில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது.

நானும் மூங்கில் வாங்கி, பால்கனிக்கு எதிர்ப்பக்க மதிலில் கட்டியிருக்கிறேன். நேற்று அந்த இளைஞர் போன் செய்தார்.

"அங்கிள், இன்னிக்கு முழுக்க மஞ்சளா ஒண்ணு வந்திருக்கு. முகத்துக்கு நேரா அந்தரத்துல நின்னு முறைக்குது. இது வேற பூச்சியா?"

"இல்லை தம்பி, அது வீட்டுக்காரர். கொடுக்கு கிடையாது, முறைக்க மட்டும்தான் தெரியும்" என்றேன்.

சிரிப்புச் சத்தம் கேட்டது. பெஸ்ட் கண்ட்ரோல் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் ஞாபகப்படுத்தவில்லை.